கலங்கல் தந்த கைத்தொழில் ஆசான் ஜி. டி. நாயுடு

கடல் கடந்து வந்து குடியேறிய மக்களுக்கு ஆண்டு விழா என்பது ஆடலும் பாடலும் விருந்தும் மட்டும் அன்று. தாயகத்தில் தோன்றிப் பெருவாழ்வு வாழ்ந்து மறைந்த சான்றோர் ஒருவரை நினைந்து, அன்னாரது வாழ்க்கையிலிருந்து நம் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு பயனைக் கொண்டு சேர்க்கும் நாளும் அதுவேயாகும். புலவர்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் ஆண்டு மலர்களில் எழுதுவது வழக்கம். இம்முறை நாம் ஒரு தொழில் மேதையைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணமும் உண்டு.

மின்னி பேயிலும் அதனைச் சூழ்ந்த காலனிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று மின்னணுவியல் படிக்கும் இளைஞரும் இளம்பெண்களும் பலர் உளர். சிலர் உள்ளூரிலேயே படிக்கின்றனர். சிலர் ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் சென்று சென்னையிலும் கோவையிலும் படிக்கின்றனர். பெற்றோர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் கல்லூரிக் கட்டணமாகப் போகிறது. படிப்பு முடிந்து பிள்ளை வீடு திரும்புகிறான். கையில் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் இன்வெர்ட்டரைத் திறந்து பார் என்றால் அவன் கை தயங்குகிறது. அவன் அறிவில் குறையில்லை. அருகே நின்று, திற அப்பா, கெட்டால் கெடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் பெரியவர் ஒருவர் அவனுக்கு வாய்க்கவில்லை என்பதே குறை. இக்குறையை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதனைப் போக்கத் தம் பொருளையும் பெயரையும் பணயம் வைத்த தமிழகத்துப் பெரியார் ஒருவர் உண்டு. அவரே கோவை ஜி. டி. நாயுடு.

கோயம்புத்தூருக்கு அண்மையில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், வேளாண்மை செய்து வாழ்ந்த கோபால்சாமி நாயுடு என்பவரின் மகனாக 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்ற அளவில் தொடக்கப் பள்ளியோடு அவர் கல்வி நின்றுபோயிற்று. பிற்காலத்தில் பொறியியற் கல்லூரி ஒன்றின் முதல்வராக அமரப் போகிறவர் பள்ளியை விட்டு ஓடிய சிறுவனாக இருந்தார் என்பது நமக்கு வியப்பளிக்கலாம். படிப்பு வேண்டா என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அது பொருந்தாது. அச்சிறுவன் பள்ளியைத்தான் விட்டானேயன்றிக் கற்பதை விடவில்லை என்பதை மேலே காண்போம்.

அக்காலத்தில் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதைக் கண்ட இளைஞர் துரைசாமிக்கு வேறு நினைவே இல்லாமற் போயிற்று. அந்த வண்டி தமக்கு வேண்டும் என்பதினும், அது எவ்வாறு ஓடுகிறது என்பது தெரிந்தாக வேண்டும் என்பதே அவரை வாட்டிய வேட்கை. ஊரை விட்டுக் கோவைக்குச் சென்றார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பரப்பினார், மீண்டும் பூட்டினார், மறுபடியும் கழற்றினார். அவருடைய கல்லூரி அதுவே, பாடநூலும் அதுவே. கற்பிக்க ஆசிரியர் ஒருவரும் இல்லாமையால் பிழைகளே ஆசிரியராயின.

பின்னர் அவர் வாணிகத்தில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைவைத் தொழில் நடத்திப் பொருள் ஈட்டினார். ஈட்டியதைக் கொண்டு பம்பாய்ப் பருத்திச் சந்தையில் இறங்கி, அங்கே இழந்து திரும்பினார். இவ்விடத்தில்தான் அவர் வாழ்வில் ஒரு பெரியவரின் துணை வாய்த்தது. கோவையில் ஆலைகளும் மோட்டார்த் தொழிலும் நடத்திவந்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவரது திறமையைக் கண்டறிந்து, பேருந்து ஒன்றை வாங்க உதவினார். 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடலாயிற்று. ஓட்டியவரும் நாயுடு அவர்களே. சான்றிதழ் கேட்காமல், கையின் திறத்தையும் சொல்லின் உறுதியையும் மட்டும் பார்த்து ஒருவர் தமக்கு அளித்த அந்த வாய்ப்பு, பிற்காலத்தில் தாமும் பிறர்க்கு அவ்வாறே அளிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் உள்ளத்தில் விதைத்திருத்தல் வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

அந்த ஒற்றைப் பேருந்து யூ. எம். எஸ். என்று மக்கள் வழங்கிய பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. வண்டிகள் பெருகப் பெருகப் பழுது பார்க்கும் பட்டறையும் பெருகிற்று. கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே சுத்தியும் ஸ்பேனரும் பிடித்துத் தொழில் கற்றனர். கோவை நகரம் பிற்காலத்தில் எந்திரத் தொழிலாளரின் ஊராகப் பெயர் பெற்றதற்கு இத்தகைய பட்டறைகள் இட்ட அடித்தளமும் ஒரு காரணமாகும்.

1930-களில் நாயுடு அவர்கள் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றார். ஜெர்மனியின் தொழிற்சாலைகளையும் அங்கே இளைஞர் தொழில் பழகும் முறையையும் கண்டார். உலர் மின்கலத்தால் இயங்கும் ரேசண்ட் என்னும் சிறு சவரக் கருவியை உருவாக்கினார். மிக மெல்லிய சவர அலகு, நிழற்படக் கருவிக்குத் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, மோசடிக்கு இடங்கொடாமல் வாக்குகளைப் பதிவு செய்யும் பொறி என அவர் செய்து காட்டியவை பல.

இவற்றுள் நம் நாட்டுக்குப் பெரும் பயன் விளைத்தது மின்சார மோட்டார். 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்திற்கு மின்சாரம் வந்தது. கிணறுகள் ஆழமானவை, கமலை இறைத்து உழவர் மாடுகள் இளைத்தன. மின்சாரம் வந்தும், மோட்டாரை அயல்நாட்டிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. 1937-ஆம் ஆண்டு நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை வெளிக்கொணர்ந்தனர். இன்று நம் தீவுகளில் கிணற்றடியிலும் மாடித் தொட்டியடியிலும் ஓடும் பம்புகளிற் பல கோவை முத்திரை தாங்கி வருவதைக் காணும்போது, அந்த 1937-ஆம் ஆண்டை நினைத்துக் கொள்ளலாம்.

மின்னணுவியல் படிக்கும் நம் பிள்ளைகள் கருத்தூன்ற வேண்டிய செய்தி இனி வருவது. 1941-ஆம் ஆண்டு, ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துதர முடியும் என்று நாயுடு அவர்கள் அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. விலை குறைவு என்பது மட்டும் அதன் சிறப்பன்று. தொழில் பழகும் மாணவனுக்கு ஐந்து வால்வு வானொலிப் பெட்டி ஒரு முழுப் பள்ளிக்கூடம் ஆகும்.

அக்காலத்து ஐந்து வால்வுப் பெட்டி பெரும்பாலும் இயங்கிய முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். வானிலிருந்து வரும் அலையைப் பெட்டிக்குள்ளேயே பிறக்கும் மற்றோர் அலையோடு கலந்து, எந்த நிலையத்தைத் திருப்பினாலும் மாறாத ஒரே அதிர்வெண்ணுக்குக் கொணர்வது முதல் வால்வின் பணி. அதனைப் பெருக்குவது இரண்டாவது. அலையினின்றும் பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுத்துச் சற்றே வலுவூட்டுவது மூன்றாவது. ஒலிபெருக்கியை அசைக்கும் ஆற்றலைத் தருவது நான்காவது. வீட்டு மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி ஏனைய நான்கிற்கும் ஊட்டுவது ஐந்தாவது. பெட்டி ஊமையானால் எந்தப் படியில் தடை என்று பின்னிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகச் சோதித்து வர வேண்டும். முதலில் மின்னூட்டம் உண்டா? ஒலிபெருக்கி உயிரோடு இருக்கிறதா? நான்காம் வால்வு வரை சைகை வருகிறதா? இப்படிக் கேட்டுக் கேட்டுப் போகும் மாணவன் வானொலியை மட்டும் கற்கவில்லை. சிந்திக்கும் முறையையே கற்கிறான். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது; அதுவும் நுண்சில்லுக்குள் மறைந்தது. எனினும் அலையைக் கலப்பதும் பெருக்குவதும் பிரிப்பதும் இன்றைய கைப்பேசியிலும் நடைபெறுகின்றன. பழுதைப் படிப்படியாகத் தேடும் முறையும் மாறவில்லை.

1944-இல் நாயுடு அவர்கள் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித்தொகை, தொழிலாளர் நலம் முதலியவற்றிற்குப் பொருளை வழங்கினார். மறு ஆண்டு, அதாவது ஜப்பானியர் பிடியிலிருந்து நம் தீவுகள் மீண்ட அதே 1945-இல், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால் கோவையில் பாலிடெக்னிக் ஒன்றும் பொறியியற் கல்லூரி ஒன்றும் தோன்ற அவர் காரணமாக இருந்தார். கல்லூரியின் முதல்வராகவும் அவரே அமர்ந்தார். தொடக்கப் பள்ளியோடு நின்றவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வர் ஆயினார்.

ஆயினும் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது இளமையை வீணாக்குவது என்றும், முறையாகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் அவர் வாதிட்டார். கரும்பலகையின் முன் கழியும் நாள்களைக் குறைத்து, எந்திரத்தின் முன் கழியும் நாள்களைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசினர் இதற்கு இசையவில்லை. கொள்கையை விட்டுப் பதவியைக் காத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை, விலகினார். தாம் முன்னின்று தோற்றுவித்த கல்லூரியை விட்டுத் தாமே வெளியேறுவது எளிய செயல் அன்று. அக்கல்லூரி பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் தடாகம் சாலையில் நிலைபெற்று, இன்றளவும் பல்லாயிரம் பொறியாளரை உருவாக்கி வருகிறது. பழைய இடத்திலோ பெயர் மட்டும் எஞ்சி, ஹோப் காலேஜ் என்று பேருந்து நிறுத்தமாக வழங்குகிறது.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? நாம் நடுநின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாயுடு அவர்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. ஆகவே பட்டத்தின் காலத்தைக் குறைக்கத் துணிந்தார். ஆனால் கையில் முதல் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டம் ஒரு நுழைவுச் சீட்டு. அஃதின்றி வாயிற்காவலரைக் கூட அவன் தாண்ட இயலாது. கடல் கடந்து வந்து, அரசுப் பணியையும் கூலியையும் நம்பி வாழ்ந்த நம் முன்னோர் இதனை நன்கு அறிவர். கணிதமும் இயற்பியலும் ஆழ்ந்து கற்க ஆண்டுகள் வேண்டும் என்பதும் உண்மையே. அவ்வகையில் அரசினர் சொன்னதையும் தள்ளுவதற்கில்லை.

எனினும் அவர் கொள்கையின் உட்கருத்து தோற்றுவிடவில்லை. 1961-ஆம் ஆண்டு நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1973-இல் அது திருத்தப்பட்டு, பொறியியற் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராக அமர வழி செய்யப்பட்டது. கோவை பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலோ, வகுப்பும் ஆலைப் பயிற்சியும் மாறி மாறி வரும் சாண்ட்விச் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்தது. படிப்பின் ஆண்டுகள் குறையவில்லை. ஆனால் கற்பவன் எந்திரத்தின் அருகே சென்றாக வேண்டும் என்பதை நாடு ஏற்றுக்கொண்டது. ஏட்டுக் கல்வியா, கைத்தொழிலா என்று கேட்பதே பிழை. இரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டு. அது அனுபவம் மிக்க மனிதர்.

அவர் வாழ்வில் நிறைவேறாதனவும் உண்டு. 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார், உரிமம் கிடைக்கவில்லை. மலிவு வானொலியும் அவர் எண்ணிய வண்ணம் வீடுதோறும் புகவில்லை. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. வேளாண்மையில் சோதனைகள் செய்தார். ஆளுயரத்தை விஞ்சும் பருத்திச் செடிகளை வளர்த்துக் காட்டினார். காலையில் கடைகால் இட்ட வீட்டை மாலைக்குள் கட்டி முடித்தார். அவினாசிச் சாலையில், 1967-இல், பொதுமக்களும் மாணவரும் கண்டு கற்பதற்கென நிலையான தொழிற்பொருட்காட்சி ஒன்றை அமைத்தார். 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அப்பெருமகனார் இயற்கை எய்தினார். அவர் பெயரால் இயங்கும் அறநிலையம் கோவையில் அருங்காட்சியகத்தையும் இளைஞர்க்கான தொழிற்பயிற்சி நிலையத்தையும் நடத்தி வருகிறது. 2025 அக்டோபரில் அவினாசிச் சாலையில் திறக்கப்பட்ட ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய நம் நகரிலேயே டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டாலிகஞ்சில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இழைக்கம்பி இடப்பட்டு, நம் தீவுகள் தாய்நிலத்தோடு இணைக்கப்பட்டன. கல்விக் கூடமும் உண்டு; உலகத்து நூல்களும் பாடங்களும் விரல் நுனிக்கு வந்துவிட்டன. பெரிய தொழிற்சாலைகள் இங்கு இல்லை என்பது மட்டும் மெய். ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பட்டறை எங்கே என்ற வினா எழுகிறது.

பட்டறை நம் காலனியிலேயே இருக்கிறது என்பது நம் விடை. தொலைபேசித் துறையிலும் மின்துறையிலும் துறைமுகத்திலும் கப்பலிலும் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். கடற்காற்றின் உப்பு ஏறிச் செம்புத் தடங்கள் பச்சை பூத்துப் போன சுற்றுப்பலகையை எப்படித் துலக்குவது, மழைக்கால ஈரத்திலிருந்து கருவியை எப்படிக் காப்பது, இடி மின்னலுக்குப் பின் முதலில் எதனைச் சோதிப்பது என்பன அவர்களுக்குக் கைவந்தவை. தாய்நிலத்துக் கல்லூரிகளில் இவற்றை இந்த அளவுக்கு எவரும் கற்பிக்கப் போவதில்லை. அவ்வறிவு அவர்களோடு மறைந்துபோக நாம் விடலாகாது.

நாம் வேண்டுவது பெரிய செலவன்று. ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம், ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், வீடுகளில் மூலையில் கிடக்கும் பழுதான கருவிகள். மாமா என்றும் தாத்தா என்றும் பிள்ளைகள் அழைக்கும் பெரியவர் ஒருவர் அருகே அமரட்டும். முதலில் அவர் செய்து காட்டட்டும்; அடுத்து அவர் பார்த்திருக்கப் பிள்ளைகள் செய்யட்டும்; பின்னர் அவர் எழுந்து போய்த் தேநீர் அருந்திவிட்டு வரட்டும். எப்போது கையை விட வேண்டும் என்று அறிவதே ஆசானின் அரிய கலை. மின்சாரத்தின் ஆபத்தை உணர்த்தி, இணைப்பைத் துண்டித்த பின்னரே திறக்கப் பழக்குவது முதற்பாடம் ஆகுக. பெண் பிள்ளைகளையும் தவறாமல் அம்மேசைக்கு அழைத்தல் வேண்டும்; கருவிக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை தெரியாது.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கடிகாரத்தைக் கழற்றினால் வையாதீர்கள். மீண்டும் பூட்டத் தெரியாமல் விழித்தால் நகையாதீர்கள். அன்று கலங்கல் இளைஞரின் முன்னும் மோட்டார் சைக்கிள் துண்டு துண்டாகத்தான் கிடந்தது. அவர்க்கு அருகிருந்து கற்பிப்பார் இல்லை. நம் பிள்ளைகட்கு நாம் இருக்கிறோம். அந்த ஒரு வேற்றுமையை நாம் மெய்ப்பித்துக் காட்டினால், இம்மலரில் அப்பெருமகனாரை நினைந்ததன் பயன் நிறைவுறும்.

வாழ்க நாயுடு அவர்களின் புகழ்! வளர்க நம் இளைஞர்தம் கைத்திறம்!